எனக்கு அரை நிமிடம்

நாள் 212, காலை 06:10
வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ நிலவு, மூன்றாம் பனித்துளை நிலையம். காற்று சுத்திகரிப்பான் ஒழுங்காக ஓடுகிறது. பதிபவன் கதிரேசன், பனி ஆய்வாளன். காவலனும் நானே. கைதி மாசிலாமணி துளைக்கூடத்தில் வேலையில் இருக்கிறான். எங்களைத் தவிர இங்கே யாரும் இல்லை.

இதைப் பின்னால் படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். என் தம்பி நல்லசிவத்தை பார்க்கிங் தகராறில் குத்திக் கொன்றவன் அவன். தூக்கு கேட்டு நான் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தேன். அம்மா கூண்டில் ஏறி, "ஒரு உயிரு போனது போதும்ய்யா, இன்னொரு தாய் அழ வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். தூக்குக்குப் பதில் ஆயுள் முழுக்க இங்கே வேலை என்று தீர்ப்பாயிற்று. அவன் படும் பாட்டைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தக் காவலைக் கேட்டு வாங்கினேன்.

நாள் 219, மாலை 18:30
அம்மாவின் வாராந்திரக் குரல்செய்தி. அதில் கைதிக்குப் பத்து நிமிடம். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. "சாப்ட்டியாய்யா? கை வெடிப்புக்கு மருந்து தடவுறியா ராசா?"

எனக்கு அரை நிமிடம். "ஒடம்பப் பாத்துக்கோ. அவன்ட்ட வள்ளுனு விழாத."

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும். என்னை ராசா என்று கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்று! தம்பியை எடுத்துக்கொண்டவன் இப்போது அம்மாவையும் பிடுங்கிக்கொண்டான்.

நாள் 226, காலை 09:40
துளைக்கூடத்தில் காற்றுக் கசிவு. அவன் உள்ளே. இடைக்கதவின் பொத்தான் என் பக்கம். கசிவு மெதுவானது; சட்டென்று திறந்து மூடினால் எனக்கு ஆபத்தில்லை.

ஒலிபெருக்கியில் அவன் குரல்: "சார், கதவத் தொறங்க. மூச்சு முட்டுது சார். அம்மாட்ட சொல்லிருங்க..."

அம்மாட்ட. என் அம்மாவிடம். பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.

09:58
சத்தம் நின்றுவிட்டது. தீர்ப்பைத் திருத்திவிட்டேன்.

நாள் 227, மாலை 16:00
சுத்திகரிப்பான் இரண்டு முறை மக்கர் செய்தது. அதை ரிப்பேர் பார்ப்பவன் அவன்தான். எனக்கு அந்த வேலை தெரியாது. தலைவலி. மேலிடத்துக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அவன் பெயரில் அம்மாவுக்கு எழுதினேன்: "அம்மா, பெத்த புள்ளைய விட எம்மேல ஏன் இவ்ளோ பாசம்?" நான் கேட்டால் மழுப்புவாள். அவனிடம் சொல்லுவாள்.

நாள் 228
மூச்சு வாங்குகிறது. பதில் வந்தது. அவனுக்கு மட்டும் என்று குறித்திருந்தாள். கேட்டபடியே எழுதுகிறேன்.

"கேட்டுட்ட, மறைக்க மாட்டேன். ஒன்னத் தூக்குல போட வேண்டாம்னவ நாந்தான். இப்ப எம்புள்ள ஒங்கூட ஒத்தையில கெடக்கான். கோவக்காரன், எதாவது சொல்லிப்புடுவான். நீ அவன் மேல கை வச்சிரக் கூடாதேன்னுதான்யா ஒன்ட்ட இம்புட்டு நேரம் பேசுதேன். அவன்ட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுனா எனக்கு அழுக வந்துருது. மிச்சம் இருக்கது அவன் ஒருத்தன்தான். பத்திரமா அனுப்பி வச்சிருய்யா."

சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. இடைக்கதவுக் கண்ணாடியின் மூடியைத் திறந்து அவனைப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

பதிலுக்குக் காத்திருப்பாள். எழுதணும். எந்தப் பெயரில்