எல்லாரும் போட்ட ஐந்து நட்சத்திரம்

மார்ச் 4, திங்கள்
காலையில் மட்டும் ஆறு முறை இணையம் அறுந்தது. டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. பாதியில் டாக்டர் நின்றுபோனால் நோயாளிக்கு என்ன என்று நானா ஊகிப்பது? மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசக் கடைசிக்குள்ள லைன் சரியாகலேன்னா நகரத்து ஆபீஸுக்கே வந்துடுங்க. இல்லேன்னா வேலைய விட்டுடுங்க." ஏழு மணி நேரப் பயணம். என் வீட்டுக்காரர் தையல் கடையை, பிள்ளைகள் பள்ளியை விட்டுவிட்டா? போக மாட்டேன். வேலையையும் விட மாட்டேன்.

மார்ச் 6
இணைய நிறுவனத்துக்குப் போன் செய்து புது கேபிள் கேட்டேன். அந்தப் பெண் குழைந்து குழைந்து பேசினாள். "புகார் அதிகமா வர்ற ஊருக்குத்தான் மேடம் முதல்ல. உங்க ஊர்ல எல்லாருமே அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கீங்களே!"

கொடுத்தது யார்? நான்தான். பழுது பார்த்து முடித்ததும் போனில் கேட்கும் மதிப்பீட்டில், பதினோரு தடவை.

லைன் பார்க்க வருகிறவன் எப்போது கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்க்கா" என்பான். ஊருக்கே அவன் பெயர் 'இதோ'. கம்பத்தில் ஏறி இறங்கி, வியர்வை வழிய நின்று, "அஞ்சு போடுங்கக்கா, குறைஞ்சா என்னைத்தான் கேப்பாங்க" என்றால் எந்தக் கை மூன்று போடும்? வீட்டுக்கு வீடு இதே கதை. இரக்கப்பட்டே எங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம்.

மார்ச் 9
தெருத்தெருவாகப் போனேன். இனி உண்மையைப் போடுங்கள் என்றேன். மருந்துக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "'இதோ' ரெண்டு பிள்ளைங்களைப் பெத்தவன்மா. அவன் வயித்துல அடிக்கச் சொல்றியா?" வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரரும் அதே பாட்டு.

மார்ச் 10
சரி, நான் கல்நெஞ்சக்காரி. இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 12
'இதோ' வந்தான். வாசலில் நின்றே கத்தினான். "அக்கான்னுதானே கூப்பிட்டேன் உங்களை?"

எனக்கும் பொங்கிவிட்டது. "உன்மேல என்னடா குறை? செத்த வயரை ஒட்டிக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் ஏறி இறங்குவே? நீ சமாளிக்கிறதாலதான் அவங்க அதை மாத்தாமலே இருக்காங்க!"

விறுவிறுவென்று போய்விட்டான். அதிகமாகப் பேசிவிட்டேனோ? இல்லை — சொல்ல வேண்டியதுதான். ஆனாலும் சமையலறையில் போய் அழுதேன்.

மார்ச் 15
மருந்துக்கடைக்காரரே வந்து சொன்னார். 'இதோ' வீடு வீடாகப் போகிறானாம். "ஒண்ணே ஒண்ணு போடுங்க, வர்றதை நான் பாத்துக்கிறேன்" என்கிறானாம்.

மார்ச் 16
நானும் போட்டேன். ஒன்று.

மார்ச் 22
எங்கள் ஊர் மதிப்பீடு ஏன் இப்படிச் சரிந்தது என்று விசாரிக்க இணைய நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். லைன் பார்க்கும் ஆள் சரியில்லை என்று எழுதிக்கொண்டு போகிற எண்ணம். விடுவோமா? என் நாற்காலியில் உட்கார வைத்து, "இங்கேருந்தே உங்க தலைமை ஆபீஸோட வீடியோவுல பேசுங்க சார்" என்றேன். தெருவே என் அறையில் நின்றது. நாலு தடவை அறுந்தது. ஐந்தாவது தடவை அவருடைய மேலதிகாரி திறந்த வாய் மூடாமல் திரையில் அப்படியே நின்றுவிட்டார். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டோம்.

'இதோ' மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே கம்பத்தைக் காட்டினான். "இந்தத் தெருவுல மட்டும் இருபத்தேழு ஒட்டு சார். எல்லாம் நான் போட்டது. இனிமே போட மாட்டேன்."

ஏப்ரல் 29
மேலாளர் போன் செய்தார். "நாளையோட கெடு முடியுது. எப்பக் கிளம்புறீங்க?"

"எப்படி சார் கிளம்புறது? புது கேபிளுக்குத் தெருவை வெட்டிப் போட்டிருக்காங்க. என் வாசல்ல இடுப்பளவு பள்ளம்."