திருப்பிக் கேட்காத வகுப்பு

மான்செஸ்டர்
12 ஜனவரி 2025

என் பிரியமுள்ள முருகேஸ்வரி,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். குளிர்தான் எலும்பு வரைக்கும் போகிறது. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, கடைசியில் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவோம். அதனால்தான் மெயிலிலேயே கடிதம் எழுதுகிறேன்.

என் ஆராய்ச்சியில் நான்காம் அத்தியாயம் முடிந்துவிட்டது! மாப்பிள்ளையூரணியில் நாம் சேர்ந்து தொடங்கின ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றியது. போன ஆகஸ்டில் வந்து வகுப்பில் உட்கார்ந்து பதிவு செய்தேனே, அத்தனையையும் கேட்டு எழுதி, யார் எப்போது வாய் திறந்தார்கள் என்று குறித்தேன். ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. மாதம் முழுக்க ஒரு பிள்ளைகூட உன்னைத் திருப்பிக் கேட்கவில்லை. 'புரிஞ்சுதா?' என்று நீ கேட்டதும் 'எஸ் மிஸ்' என்று ஒரே குரல். பிறகு நான் தனித்தனியாக விசாரித்தால் பாதிப் பேருக்குப் புரியவே இல்லை. அந்நிய மொழியைக் கற்பிப்பது பற்றி இங்கே நான் படிக்கிற ஆய்வுகள் பலவும் இதைத்தான் வற்புறுத்துகின்றன. புரியாத இடத்தில் நிறுத்தி, 'இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்கிறவனுக்குத்தான் மொழி ஒட்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவனுக்கு ஒட்டாது.

மார்ச்சில் சென்னையில் ஆங்கில ஆசிரியர்கள் கருத்தரங்கில் இதை வாசிக்கிறேன். உன் பெயர் எங்கும் இல்லை. 'ஆசிரியர் எம்', 'ஒரு துறைமுக நகரம்', அவ்வளவுதான். அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். படித்துவிட்டு என்னைக் கொஞ்சம் புகழ்ந்து எழுது.

உன் ரேச்சல்


மாப்பிள்ளையூரணி
16 ஜனவரி 2025

ரேச்சலுக்கு,

பொங்கலுக்கு நல்ல சீர் அனுப்பியிருக்கிறாய், ஏளா. பானையை இறக்கின கையோடு படித்தேன். பொங்கலை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

துறைமுக நகரம், கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாடியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற பொம்பளை, பெயர் எம். ஆளைக் கண்டுபிடிக்கப் போலீஸா வர வேண்டும்? அந்தக் கருத்தரங்குக்கு யார் வருகிறார்கள் தெரியுமா? ஒரு கப்பல் பயிற்சிக் கல்லூரியின் பிரின்சிபால் வருகிறார். ஜூனிலிருந்து அவர்கள் இங்கிலீஷ் வகுப்பு முழுவதையும் எனக்குத் தருவதாகச் சொன்னவர். அவர் முன்னால் நீ மேடையேறி, இந்த அம்மா சொல்வது பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று படம் போட்டுக் காட்டப் போகிறாய்.

திருப்பிக் கேட்கவில்லையாம். எப்படிக் கேட்பான்? வீட்டில் கேட்டால் 'எதுத்தா பேசுத?' என்று முதுகில் விழும். பள்ளிக்கூடத்தில் கேட்டால் வெளியே நிற்க வேண்டும். அப்படியே வளர்த்து ஆளாக்கி என்னிடம் அனுப்புகிறார்கள். நீ 'பயத்தின் மௌனம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறாய். என் வகுப்பில் பயமா? அந்தத் தங்கப்பாண்டி என் டிபன் பாக்ஸைத் திறந்து தின்கிறவன்.

'சும்மா என் படிப்புக்குத்தாம்ளா' என்று சிரித்துக்கொண்டே மேசையில் மொபைலை வைத்தாய். இது சும்மாவா? அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

முருகேஸ்வரி


மான்செஸ்டர்
20 ஜனவரி 2025

அன்பு முருகேஸ்வரி,

உன் கோபம் புரிகிறது. ஆனாலும் அநியாயமாகப் பேசுகிறாய். ஒப்புதல் தாளை உன் கையில் தந்து, பதிவை யார் கேட்பார்கள், எங்கே வாசிப்பேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். 'புரிஞ்சுதா?' என்றும் கேட்டேன். 'புரிஞ்சுதுளா, பேனாவைக் கொடு' என்று நீதான் வாங்கிக் கையெழுத்துப் போட்டாய். பிள்ளைகளும் போட்டார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பார். நடுக்கடலில் ஒரு ஆபீசர் உத்தரவு போடுகிறான். அவன் எந்த நாட்டுக்காரனோ, அவன் இங்கிலீஷ் எப்படியோ. நம் பையன் புரியாமலே 'எஸ் சார்' என்று போய் வேறு கயிற்றை அவிழ்த்துவிட்டால் கை போகும், ஆளே போவான். நீ உருப்போட வைக்கிற இன்டர்வியூ பதில்கள் கப்பலில் ஏறுகிற வரைக்கும்தான் உதவும். இதை யாராவது சொல்ல வேண்டாமா?

இந்த அத்தியாயம் போனால் எனக்கு ஒரு வருஷம் போகும். உதவித்தொகை செப்டம்பரோடு நிற்கிறது. அதற்கப்புறம் இங்கே எப்படித் தாக்குப்பிடிப்பேன் என்று தெரியவில்லை. எடுக்க முடியாது, முருகேஸ்வரி. கோபித்துக்கொள்ளாதே.

ரேச்சல்


மாப்பிள்ளையூரணி
9 பிப்ரவரி 2025

ரேச்சல்,

உனக்குப் பதிலே எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

உன் மேல் இருந்த ஆத்திரத்தில், நீ சொன்னது பொய் என்று காட்ட ஒரு வேலை செய்தேன். வகுப்பில் வேண்டுமென்றே தலைகால் புரியாதபடி இங்கிலீஷில் கடகடவென்று ஒரு உத்தரவு போட்டேன். 'புரிஞ்சுதா?' என்றேன். 'எஸ் மிஸ்' என்றார்கள். 'அப்போ செய்யுங்கலே' என்றேன். ஒருத்தனும் அசையவில்லை. ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருக்கிறவன் முகத்தைப் பார்த்தார்கள். நீ சொன்னது உண்மைதான், போ.

மறுநாளிலிருந்து ஒரே சட்டம். என்னைத் திருப்பி ஒரு கேள்வி கேட்காமல் யாரும் பேனாவைத் தொடக் கூடாது. 'மிஸ், உங்கள எப்படி மிஸ் கேக்க?' என்று நெளிந்தார்கள். உயிரை வாங்கினார்கள். நானும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தங்கப்பாண்டி எழுந்தான். கேட்டது பாடத்தைப் பற்றி இல்லை. தப்பும் தவறுமான இங்கிலீஷில், ஆனால் நிறுத்தாமல் கேட்டான். ரேச்சல் மிஸ் எடுத்துக்கொண்டு போன எங்கள் குரல் இப்போது எங்கே இருக்கிறது? யார் கேட்கிறார்கள்? எதற்கு?

இந்த வகுப்பில் எழுந்த முதல் கேள்வி அதுதான். 'நீங்கதானலே கையெழுத்துப் போட்டீங்க' என்றேன். 'நீங்க போடச் சொன்னீங்க, போட்டோம் மிஸ்' என்றான்.

நானும் அப்படித்தான் போட்டேன். அந்தத் தாளை நான் படிக்கவே இல்லை. கேள்வி கேட்டால் உன்னைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பெயர் பயம் இல்லை, ரேச்சல். 'எஸ்' என்று சொன்னால் நம்பக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நீ. எங்கள் 'எஸ்'ஸை மட்டும் எப்படி நம்பினாய்?

முருகேஸ்வரி


மான்செஸ்டர்
14 பிப்ரவரி 2025

முருகேஸ்வரி,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு லைப்ரரியில் உட்கார்ந்து அழுதேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து ஒப்புதல் கேட்கச் சொன்னார்.

தங்கப்பாண்டியின் கேள்விகளுக்குப் பதிலைத் தமிழில் எழுதி அனுப்புகிறேன். பதிவுகளையும் அனுப்புகிறேன், எல்லோரும் கேட்டுப் பார்க்கட்டும். வேண்டாம் என்கிறவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் குரலை அழித்துவிடுவேன். உனக்கும் அப்படித்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் குரல் இல்லாவிட்டால் அத்தியாயமே இல்லை. நல்ல பதில் வர வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ரேச்சல்


மாப்பிள்ளையூரணி
23 பிப்ரவரி 2025

அன்புள்ள ரேச்சல்,

நீ அனுப்பின தாளை வகுப்பில் வாசித்தேன். வகுப்பு முடிகிற வரைக்கும் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டார்கள். கடைசியில் எல்லோருக்கும் சம்மதம். தங்கப்பாண்டி, 'என் பேரயும் போடச் சொல்லுங்க மிஸ், வீட்ல பொண்ணு பாக்காவ' என்கிறான்.

பிரின்சிபாலையும் நானே போய்ப் பார்த்தேன். நீ கண்டுபிடித்தது, இப்போது நான் வகுப்பை மாற்றியிருப்பது, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். 'அப்படின்னா இந்த மாதிரியே எங்க பிள்ளைகளுக்கும் நடத்துங்கம்மா' என்றார். ஜூனில் தொடங்குகிறேன். ஆக எனக்கு இனிப் பயப்பட ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் நீ சந்தோஷத்தில் எழுந்து நின்றிருப்பாய். உட்கார்.

பதிவுகளை நேற்று முழுக்கக் கேட்டேன். அந்த ஆகஸ்டில் நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவில்லை. மூலையில் நீ உட்கார்ந்திருந்தாய், உனக்காக எடுத்தேன். ரேச்சல் வெளிநாட்டில் படிக்கிறாள், விட்டுவிட்டுப் போன வகுப்பை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று பார்க்கட்டும் என்று ஓடு ஓடென்று ஓடினேன். எவன் முழிக்கிறான் என்று நின்று பார்க்கவில்லை. நீ எழுதினதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் குரல் உன்னிடம் நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்ட என் குரல். கேட்கக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதை ஊரார் கேட்கக் கொடுக்க என்னால் முடியாது. என் குரலை எடுத்துவிடு.

உன் ஒரு வருஷம் போகிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்காது. பழகின நாளிலிருந்து உன்னிடம் எதற்கும் மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. இன்னொரு தடவை நீ கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன்.

தயவுசெய்து கேட்காதே.

முருகேஸ்வரி