வடிவின் வலக்கண்

16 ஏப்ரல் 1959, மேலகரம்

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் கூட்டம். அம்மைத் தழும்புக்கு மருந்து கேட்டு ஒருவர், நாய்க்கடிக்கு இரண்டு பேர். சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தால் வடிவு குப்புறப் படுத்துக் கிடக்கிறாள். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுத்தார்களாம். “ஒண்ணரைக்கண்ணி, நீ கண்ண மூடிட்டு நில்லுட்டி” என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். இவளும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டே நின்றிருக்கிறாள்.

ஒன்பது வயது. வலக்கண் மூக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, மூன்று வயதிலிருந்து. இதற்கு ஆபரேஷன் உண்டு என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடம் கம்பவுண்டராக இருந்து என்ன பிரயோஜனம், சொந்தப் பிள்ளைக்குச் செய்யாமல்?

2 மே

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் வல்லிநாயகம் திருநெல்வேலிக் கண் டாக்டருக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். கண்ணை உள்ளே இழுக்கிற தசையை அவிழ்த்துக் கொஞ்சம் பின்னால் தள்ளித் தைப்பார்கள். கண்ணுக்குள் கத்தி போகாது. இதை வடிவின் அம்மை லட்சுமியிடம் மூன்று தடவை சொன்னேன்.

“கத்தி வைக்கதுக்கு அது என்ன கட்டியா? பார்வ இருக்குல்லா. அது போதாதா?” என்கிறாள்.

“ஒனக்கு என்னட்டி தெரியும்? ஆஸ்பத்திரில இருக்கவன் நானா நீயா?” என்று கேட்டேன். பெட்டியில் பிள்ளையின் பாவாடைகளை மடித்து வைத்தாள்.

6 மே, திருநெல்வேலி

முடிந்தது. ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டாள்.

8 மே

கட்டைப் பிரித்தார்கள். நேராக இருக்கிறது! சிவந்திருக்கிறது, ஆனால் நேராக. வடிவு கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், மறுபடி வாங்கிப் பார்த்தாள். லட்சுமிகூடச் சிரித்துவிட்டாள்.

ஒரு வாரம் இருக்கச் சொன்னார் டாக்டர். வார்டில் ஒரே புழுக்கம், பிள்ளைக்குத் தூக்கமே இல்லை. “நான் கம்பவுண்டர் சார், கட்டெல்லாம் வீட்டுலயே நான் மாத்திக்கிடுதேன்” என்றேன். அவர் யோசித்தார். “காய்ச்சலோ வீக்கமோ கண்டா அந்த நிமிஷமே கூட்டிட்டு வரணும்” என்றார். சரி என்றேன். பிற்பகல் ரயிலில் வந்துவிட்டோம். தென்காசி ஸ்டேஷனில் தெரிந்தவர்கள் எதிரே வந்தபோது வடிவு நிமிர்ந்து நடந்தாள். இதற்குமுன் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

9 மே

சாயங்காலம் காய்ச்சல் நூறு. இமை வீங்கியிருக்கிறது. தையல் போட்ட இடம் வீங்கத்தான் செய்யும். மாத்திரை கொடுத்தேன்.

10 மே, ஞாயிறு

நூற்றிரண்டு. இமையைத் திறக்க முடியவில்லை. தொட்டால் கத்துகிறாள்.

“இங்கன வந்து பாருங்களேன். கண்ணு வெளிய தள்ளுத மாதிரி இருக்கு. டாக்டரய்யா வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க” என்றாள் லட்சுமி. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமை அவரை எப்படித் தொந்தரவு செய்வது? அதுமட்டுமா? ஒரு வாரம் இருக்கச் சொன்ன இடத்திலிருந்து இரண்டே நாளில் நான் கூட்டிவந்தேன் என்று அவரிடம் சொல்ல வேண்டுமே. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். நாளைக் காலையில் பார்ப்போம்.

11 மே, திருநெல்வேலி

விடிந்ததும் விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தேன். விழி முன்னால் பிதுங்கி நிற்கிறது. இங்கே பார், அங்கே பார் என்றேன். அது அசையவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன்.

டாக்டர் வல்லிநாயகம் ஒரே பார்வைதான் பார்த்தார். “என்னவே நமசிவாயம்...” என்றார். காரை எடுத்தார்.

கண் டாக்டர் கேட்டார்: “எப்ப வீங்க ஆரம்பிச்சது?”

“இன்னைக்குக் காலைலதான் சார்.”

என் வாய்தான் சொன்னது. லட்சுமி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை அவள்? சொல்லியிருக்கலாமே!

13 மே

கண்ணுக்குப் பின்னால், எலும்புக் குழிக்குள் சீழ். கீறி எடுத்தார்கள். பெனிசிலின் ஊசி மணிக்கணக்குப்படி போகிறது. நானே எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறேன் — இன்று வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

கண் டாக்டர் என் தோளில் கை வைத்தார். “முப்பது வருஷத்துல இப்படி ஒண்ண இரண்டாவது தடவையாப் பாக்குறேன். யார் தப்பும் இல்ல. நீங்க உடனே கொண்டு வந்துட்டீங்க, அதான் பிள்ளை உயிர் பிழைச்சா.”

உடனே கொண்டு வந்துவிட்டேனாம்.

19 மே

காய்ச்சல் விட்டது. வீக்கம் வடிந்தது. இன்று இடக்கண்ணைப் பஞ்சால் மூடி, வலக்கண்ணுக்கு நேரே டார்ச் அடித்தார்கள். வடிவு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்:

“எப்பா, டார்ச்ச எப்பம் அடிப்பாங்க?”

20 மே

கண் நரம்பு நசுங்கிவிட்டது. பார்வை திரும்பாது.

4 ஜூன், மேலகரம்

பக்கத்து வீட்டு ஹைருன் பீவி வந்து பிள்ளையின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். “மாஷா அல்லாஹ், நல்லா நேராயிட்டே!” என்றார். லட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள். உண்மைதான், கண் நேராக இருக்கிறது. யார் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

17 ஜூலை, குற்றாலம்

சீசனுக்காக டாக்டர் வல்லிநாயகம் பேரருவிப் பக்கம் ஒரு அறை எடுத்து என்னை இங்கே உட்கார்த்தியிருக்கிறார். வழுக்கி விழுகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது, சளிக்கு மருந்து கொடுப்பது. நாள் முழுக்கச் சாரல். எண்ணெய் தேய்த்துக்கொண்டு சிரிப்பும் சத்தமுமாகப் போகிறார்கள் ஜனங்கள்.

ஒரு தகப்பனார் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். முழங்காலில் சிராய்ப்பு. இதற்கா இப்படி என்று கேட்க வாயெடுத்தவன் கேட்கவில்லை. ஈரத் துண்டோடு அப்படியே ஓடிவந்திருந்தார் மனுஷன்.

9 ஆகஸ்ட்

வடிவின் நெற்றியில் வீக்கம். நிலைக்கதவின் வலப்பக்கம் இடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வாரம் மூன்றாவது தடவை.

லட்சுமி என்னிடம் பேசுவது: சாப்பாடு ஆயிட்டு. எண்ணெய் இல்ல. பிள்ளைக்கு நோட்டு வேணும். அவ்வளவுதான். சண்டை போட்டாலாவது தேவலை.

22 நவம்பர் 1960

பார்வையில்லாத கண் நிலைத்து நிற்காது என்று கண் டாக்டர் முன்பே சொன்னார். முன்பு மூக்கைப் பார்த்தது. இப்போது காதைப் பார்க்கிறது.

10 மே 1963

இந்தத் தேதி வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முன்னே நிற்கிறது, வேலைக்குப் போக மனம் வருவதில்லை. இருந்தும் போனேன்.

8 ஜூன் 1967

வடிவு எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள். திருநெல்வேலியில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, விடுதியோடு. உடல்நலப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். “எப்பா, இதுல கண்ணு போனதுக்குக் ‘காரணம்’னு கேட்டிருக்கு. என்ன எழுத?”

ஆபரேஷனுக்குப் பின் சீழ் என்று எழுதினால் போதும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் எட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வந்துவிட்டது. வார்டிலிருந்து சீக்கிரம் கூட்டிவந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். லட்சுமி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வடிவு படிவத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கே போயிருந்தா எனக்குக் கண்ணு தெரிஞ்சிருக்குமாப்பா?”

“சொல்லத் தெரியலட்டி. தெரிஞ்சிருக்கலாம்.”

“அப்பம் இத ஏன் எங்கிட்ட சொன்னிய? ‘எவ்வளவோ பாத்தும் சரியாவல’ன்னு நான் பாட்டுக்கு இருந்தேம்லா.”

எனக்காகத்தான் சொன்னேன். என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன்.

9 ஜூன்

படிவத்தை அவளே எழுதி அனுப்பிவிட்டாள். என்ன எழுதினாள் என்று தெரியாது.

26 ஜூன்

விடுதியில் சேர்த்துவிட்டு வந்தோம். போய்ட்டு வாரேன் என்று அம்மையிடம் சொன்னாள். என் பக்கம் ஒரு தலையசைப்பு.

30 ஜூன்

லட்சுமி இன்று கேட்டாள்: “அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். நானும் சொல்லல. ஏன்னு நீங்க ஒருநாளும் கேக்கலியே?”

“ஏன் சொல்லல?”

“ஒங்க வேல போயிரும்னு நெனச்சேன். கொஞ்ச நேரந்தான் நெனச்சேன். பெறவு சொல்லுததுக்கு நேரம் தாண்டிட்டு.”

இரண்டு பேரும் அழுதோம். எட்டு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இது.

12 ஆகஸ்ட்

வடிவின் கடிதம், அம்மை பெயருக்கு. நலம். சோறுதான் சரியில்லை. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை வீட்டார் வந்து பார்க்கலாமாம். “அம்மை மட்டும் வந்தால் போதும்.”

லட்சுமி அந்த வரியையும் சேர்த்தே வாசித்தாள். விடவில்லை. அது எனக்கு நல்லதாகப் பட்டது.

9 செப்டம்பர்

இரண்டாம் சனிக்கிழமை. புளியோதரையைத் தூக்குச்சட்டியில் போட்டுக் கட்டினோம். தேங்காய்ப்பால் முறுக்கு ஒரு டப்பா. வடிவுக்குக் காதுப்பக்கம் தலைவலி வருகிறதாம், அதற்குத் தைலப் புட்டி ஒன்று நான் வைத்தேன். லட்சுமி அதை எடுத்துவிடாமல் துணிக்கு நடுவே செருகினாள்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் லட்சுமிக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் கிளம்ப நேரமாயிற்று. கீழேயே நின்றேன்.

“வெயில்ல நிக்காதிய. வீட்டுக்குப் போங்க” என்றாள் லட்சுமி.

பஸ் ஆலங்குளம் ரோட்டில் திரும்பும்வரை நின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.