அம்மாவை விட்டுவிட்டு இருந்த நாலு நாள்

மைசூர், லஷ்கர் மொகல்லா,
1937 நவம்பர் 7, ஞாயிறு

அன்பு மகள் சகாயமேரிக்கு அப்பா எழுதுவது. இரங்கூனில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் பெண்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அவ்விதமே என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் நரம்பு வலி என்று இரண்டு வருஷமாய் உனக்குச் சொல்லிவந்தேன். முழுதையும் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு முழங்காலுக்குக் கீழே சதை என்று ஒன்றுமில்லை, கையில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே குழி விழுந்துவிட்டது, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் நழுவுகிறது. சதை கரைந்தால் வலியாவது குறையும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. பாதத்தில் ஒரு துணி உரசினாலும் நெருப்பை வைத்தாற்போல் துடிக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஊசியெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு வாடிக்கொண்டே போகிறது, நிறுத்த மருந்தில்லை, வலி அடங்க மட்டும் தருகிறேன் என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். நீ நர்ஸ், உனக்குப் புரியும்.

காலையில் அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, முகம் துடைத்து, தலை பின்னி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் அரண்மனை பாண்டுக்குப் போகிறேன். முதலில் பின்னல் கோணிக்கொண்டு போகும். கிளாரினெட்டுல இருபத்திரண்டு வருஷம் ஓடுன விரலுக்கு மூணு புரி பின்னத் தெரியலியா என்று சிரிப்பாள். போர்வை காலில் படாமலிருக்க, கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடை ஒன்றைப் பாதியாய் அறுத்துப் பாதத்துக்கு மேலே வைத்து, அதன்மேல் போர்த்துகிறேன். என்னையே கவுத்து மூடிட்டீங்களா என்று அதற்கும் ஒரு சிரிப்பு. அது இருந்தால்தான் அவளால் கண்ணை மூட முடிகிறது.

இப்போது உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். தசரா வந்தது. பத்து நாளும் பாண்டுக்காரர்களுக்கு லீவு கிடையாது, விடிந்ததும் போனால் திரும்ப எந்நேரமாகுமோ தெரியாது. தங்கவயலிலிருந்து உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, ஆம்பளை எத்தனை நாளைக்கு இதைச் செய்ய முடியும், சிஸ்டர்மார் நடத்துகிற இல்லத்தில் விட்டுவிடு அண்ணா, அங்கே நன்றாய்ப் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். தசரா வரைக்கும்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நல்ல புடவை இரண்டை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னாள். அந்த அறுத்த கூடையை ஜட்கா வண்டி வரைக்கும் கொண்டுபோனேன். சிஸ்டர்மார் முன்னால் இதைத் தூக்கிக்கொண்டு நிற்பதா என்று வெட்கப்பட்டுத் திரும்ப வீட்டுக்குள் வைத்துவிட்டேன். கேட்டிருந்தால் அவர்களே ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்கள், நான் வாயையே திறக்கவில்லை.

தசராவின் கடைசி நாள் பன்னிமண்டபம் வரைக்கும் ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டே போனேன். மறுநாள் அவளைக் கூட்டிவந்திருக்க வேண்டும். போகவில்லை. அன்று பகல் முழுக்கத் தூங்கினேன் மகளே. எழுந்து சூடாய்ச் சாப்பிட்டேன், யாரும் கூப்பிடாத வீடு எனக்கு இனித்தது. இப்படியே ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். அத்தை சொன்னபடி அங்கேயே இருந்துவிடட்டுமே என்றும் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் ஆகாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு நாச்சம்மாள் வாசலில் நின்று, அண்ணா, நேத்து அக்காவப் பாத்துட்டு வந்தேன், பாண்டுக்கு லீவு விட்டு நாலு நாளாச்சேன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டேன், அக்கா முகம் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். போகிற வழியிலும் பொய்தான் யோசித்தேன், அரண்மனை விருந்தாளிகளுக்காகக் கூப்பிட்டார்கள் என்று சொல்வதாக. படுக்கை சுத்தமாயிருந்தது, சிஸ்டர்மார் குறை வைக்கவில்லை. ஆனால் போர்வையை நேர்த்தியாய் இழுத்துக் காலடியில் செருகியிருந்தார்கள். அத்தனை நாளும் அதற்கடியில் கிடந்து வாய் திறக்கவில்லை அவள். என் வாயில் பொய் வருமுன்னே, நாலு நாள் நல்லாத் தூங்குனீங்களா என்று கேட்டாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன். ஆமான்னு சொல்லுங்க, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது தூங்கினோம்னு இருக்கட்டும் என்றாள். ஆமாம் என்றேன். போர்வையை உருவிப்போட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு மட்டும், ஜட்காவுல குலுங்குமே என்றாள். வெளியே வண்டியோடு நின்ற ஜட்காக்கார லிங்கப்பனிடம் அதைச் சொன்னேன். அவன், அம்மாவ மெத்தை மேல படுக்க வைங்க சாமி, நான் ஓட்டல, குதிரையக் கைல பிடிச்சு நடத்தியே கூட்டிட்டுப் போறேன் என்று, இரண்டு மைலும் குதிரையோடு கூட நடந்தே வந்தான்.

இப்போது மத்தியானம் நாச்சம்மாள் வந்து ஊட்டிவிடுகிறாள். சாயங்காலப் பயிற்சியிலிருந்து என்னை விடும்படி பாண்டு மாஸ்டரிடம் கேட்டேன், சம்மதித்தார். முடியாதபோது முடியவில்லை என்று அவளிடமே சொல்லிவிடுகிறேன், சிறிது நேரம் திண்டாடினாலும் பொறுத்துக்கொள்கிறாள். ஆனால் அவள் பேச்சும் இப்போது சீக்கிரம் களைத்துப்போகிறது. வருகிற ஈஸ்டருக்கு எப்படியிருப்பாள் என்று டாக்டரைக் கேட்டேன், அவர் என் தோளில் கை வைத்தார்.

வராதே, வேலையைப் பார் என்று ஒவ்வொரு காகிதத்திலும் எழுதிவந்தவன் நான்தான். இப்போது வா என்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எந்தக் கப்பல் கிடைக்கிறதோ அதில் ஏறு. அம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க, வேலைய விட்டுட்டு வந்தா நான் பேசமாட்டேன் என்று எழுதச் சொன்னாள். அப்படியே எழுதிவிட்டேன். என் மேல் கோபமிருந்தால் அதையும் கூடவே கொண்டு வா, வாங்கிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் கடல் கடந்து பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும். எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. வந்து நின்றதும் அவள் கையைப் பார்க்காதே கண்ணு, முகத்தைப் பார். முகம் நீ விட்டுப்போனபோது இருந்த அதே முகம்தான்.

உன் அன்புத் தகப்பன்,
ஞானாதிக்கம்