22/7 வேறு, π வேறு

போடிநாயக்கனூர்,
ஐப்பசி 12

என் மகள் முத்துப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். மனசு சுகமா என்று கேட்காதே, இல்லை. இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங்கு இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது, முழுசாகப் படி.

இங்கே மழை விட்டபாடில்லை. மலைப் பாதையில் மண் சரிந்ததால் அப்பாவின் ஜீப்பு மூன்று நாள் வாசலிலேயே நின்றது, அவரும் வாசலிலேயே நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் மழையைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து காய் வராததால் ஏலக்காய் குடோனில் எங்களுக்கும் அரை நாள்தான் சோலி. குரங்கணிச் சித்தப்பா காப்பிக்கொட்டை கொடுத்துவிட்டிருக்கிறார், உனக்கு அனுப்ப எடுத்து வைத்திருக்கிறேன். செய்தி இவ்வளவுதான், இனி என் வயிற்றெரிச்சல்.

பரீட்சையில் கணக்கில் தோற்றதை உன்னிடம் ஆனி மாசமே சொன்னேன். நீ என்ன சொன்னாய், "விடும்மா, இந்த வயசுல ஒனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றாய். எதுக்கென்று உனக்குத் தெரியாதா ஆத்தா? போன வருஷம் ஆவணியில் ஈஸ்வர் மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் தடவையாக வீடியோவில் பேசினோமே, அவர் அம்மா சந்திரவல்லி அம்மாள் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு, நீங்க எதுவரை படிச்சிருக்கீங்க என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு "அம்மா பத்தாவது முடிச்சிருக்காங்க அத்தை" என்றாய். அப்புறம் தனியாகக் கேட்டதற்கு, "ஒம்பதாவது பாதி வரைக்கும் போயிருக்கேல்ல, அது கிட்டத்தட்ட பத்தாவதுதான, அவங்க வீட்ல எல்லாரும் டீச்சருங்கம்மா" என்று சிரித்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நீ அரைப் பூசணிக்காயை மறைத்துவிட்டு அது காயே இல்லை என்கிறாய். உன்னைத் திட்ட மனசு வரவில்லை. தையில் கல்யாணம், அதற்குள் நீ சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டால் யாருக்கும் தலைகுனிவில்லை என்றுதான் திறந்தவெளிப் பள்ளியில் பேரைப் பதிந்து, நாற்பத்தேழு வயசில் டியூஷனுக்குப் போனேன். சும்மா பொழுது போகாமல் போனேன் என்று நினைத்தாயா?

தமிழும் மற்றதும் தேறிவிட்டேன். என்னைக் கவிழ்த்தது கணக்கில் ஒரே ஒரு கேள்வி. ஆறு எண்ணைக் கொடுத்து, எது விகிதமுறு எண், எது விகிதமுறா எண் என்று பிரித்து எழுதச் சொல்லியிருந்தது. பிரிப்பதுதானே, இருபது வருஷமாக நான் வேறென்ன செய்கிறேன். ஒரு மூட்டையைக் கொட்டினால் வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி அரித்த காய் எல்லாவற்றையும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே என் விரல் தனியாகத் தள்ளிவிடும், அதே தைரியத்தில் உட்கார்ந்தேன். √16 என்று ஒன்று, அதன் தலைமேல் கூரை போட்டிருந்தது, கூரை போட்டது எல்லாமே விகிதமுறா எண்தான் என்று தள்ளினேன். 1/17 என்று ஒன்று, ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன், 0.0588235 என்று ஏழு இலக்கத்துக்குக் கண்டபடி போனது, இது சொத்தை என்று அதையும் தள்ளினேன். 0.1010010001 என்று புள்ளி வைத்து நீட்டியிருந்த எண், ஒன்றுக்கு நடுவில் ஒரு பூஜ்யம், ரெண்டு பூஜ்யம், மூன்று பூஜ்யம் என்று வரிசை கட்டிப் பார்க்க லட்சணமாக இருந்ததால் நல்லதோடு சேர்த்தேன். 22/7 ஒன்று, π ஒன்று. வட்டக் கணக்கில் எல்லாம் π என்றால் 22/7 என்று வைத்துக்கொள்ளச் சொல்லித்தானே பழக்கினார்கள், ரெண்டும் ஒன்றுதான் என்று சேர்த்து அதே நல்ல குவியலில் போட்டேன். 0.333 என்று மூன்றாகவே போன எண்ணையும் இந்த 22/7ஐயும் தவிர மற்ற நாலும் தப்பு. நான் தோற்றது மூன்று மார்க்கில்.

டியூஷன் சார் சீனிச்சாமியிடம் போய், நான் எழுதினதை ஒப்பித்தேன். அந்தத் தம்பிக்கு முப்பது வயசுகூட இருக்காது, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, நீங்க காய் பொறுக்குற மாதிரி நம்பரைப் பொறுக்கி வச்சிருக்கீங்க. இதுல மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாதுக்கா, எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கணும்" என்றது. ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்து வந்ததென்றால் அது விகிதமுறு எண், எவ்வளவு அலங்கோலமாகத் தெரிந்தாலும் சரி. புள்ளிக்கு அப்புறம் ஒரு இடத்தில் நிற்கும், இல்லையென்றால் வந்ததே திரும்பத் திரும்ப வரும். √16 என்பது வெறும் நாலு, அந்தக் கூரையைப் பார்த்து ஏமாந்தேன். லட்சணமாக இருந்த அந்த எண்ணில் பூஜ்யம் கூடிக்கொண்டே போகிறதே தவிர ஒரே கூட்டம் மறுபடி வருவதில்லை, அதனால் அது விகிதமுறா எண். சரி, 1/17 திரும்ப வருமென்று எப்படி நம்புவது? வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தேன். அடுப்பில் புளிக்குழம்பு சுண்டிக் கரியானது தெரியவில்லை, அப்பா வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு "கல்யாணத்துக்குச் சமையக்காரருக்குத் தனியாச் சொல்லிருவோம், இவ கணக்கைப் போட்டுப் பந்தி வைப்பா" என்றார். நான் நிமிரவில்லை. பதினாறு இலக்கம் போனேன் பிரியா. பதினேழாவதற்கு வரும்போது முதலில் வந்த அதே மீதி ஒன்று வந்து நின்றது. அப்புறம்தான் உறைத்தது, பதினேழால் வகுத்தால் மீதி பதினாறுக்கு மேல் இருக்க முடியாது, பதினாறும் தீர்ந்தால் பழசு ஒன்று வந்துதானே தீர வேண்டும். இதை ஒரு வரியில் எவராவது சொல்லியிருந்தால் குழம்பாவது தப்பியிருக்கும்.

ஆனால் π மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. எந்த எண்ணை எதால் வகுத்தாலும் அது வராதாம், ஏன் வராது என்று கேட்டால் "அது பெரிய படிப்புலதான் வரும், இப்போதைக்கு நம்பிக்கங்கக்கா" என்கிறார் சார். மூஞ்சியைப் பார்த்து நம்பாதே என்றவரே இதை நம்பு என்றால் எரிச்சல் வருமா வராதா. அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். இங்கே கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கிவிட்டுப் போன மகளாயிற்றே என்று கேட்டால் நீ, "22/7ம் πயும் கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா, எங்க வேலைக்கே அது போதும், விடு" என்றாய். அதே கிட்டத்தட்ட. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, 22/7ஐ வகுத்தும் πயைப் புத்தகத்தில் பார்த்தும் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். 3.14 வரை ரெண்டும் சேர்ந்தே போகிறது. அதற்கு அடுத்த இலக்கத்திலேயே ஒன்றில் 2, மற்றதில் 1. அதற்குமேல் 22/7 ஆறு இலக்கத்துக்கு ஒரு தரம் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது, π ஒரு நாளும் வராது. சக்கரத்தை அளக்க 22/7 போதும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ எந்த வகை என்று நிற்க வைத்துக் கேட்டால் அதுவும் இதுவும் ஒன்றில்லை, எத்தனை கிட்டே வந்தாலும் இல்லை. என்னைக் கேட்டதும் அப்படித்தானே ஆத்தா. எத்தனை வகுப்பு என்று கேட்டார்கள், எத்தனை கிட்டே என்று கேட்கவில்லை.

மறு பரீட்சை சித்திரையில்தான். தைக்கு முன்னால் நான் தேறப் போவதில்லை, அது முடிந்த கதை. பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறோம், சந்திரவல்லி அம்மாள் நம் வீட்டுக்கு வந்து பழகும்போது ஒவ்வொரு பேச்சிலும் நான் பயந்துகொண்டே இருக்க முடியாது. நேற்று நானே திருப்பூருக்குப் போன் போட்டேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. "சம்பந்தியம்மா, நான் ஒம்பதாவது பாதியில நின்னவ. பத்தாவது இப்பத்தான் எழுதுனேன், கணக்குல மூணு மார்க்குல போயிருச்சு, மறுபடி எழுதப் போறேன்" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். அவர் மெதுவாக, "அதுல எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா புள்ள எதுக்குங்க அப்படிச் சொல்லுச்சு?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பதினேழால் விடாமல் வகுத்த நான், இந்தக் கேள்வியை மட்டும் வகுத்துப் பார்க்காமல் ஓடினேன். லைன் சரியில்லைங்க என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். பொய் வேண்டாமென்று போன் பண்ணி, பொய்யோடு வைத்தேன். அந்தக் கேள்வி நேற்றிலிருந்து என்னைத் தூங்க விடவில்லை. என்னைப் பார்த்து உனக்கு வெட்கமா பிரியா? அப்படியென்றால் அப்படியே சொல், நான் தாங்கிக்கொள்வேன். கிட்டத்தட்ட வெட்கம் என்று மட்டும் சொல்லாதே.

காதை மூடித் துணி கட்டிக்கொள், காலையில் பட்டினியாக வேலைக்கு ஓடாதே, வாரம் ஒரு தரமாவது தலைக்கு எண்ணெய் வை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் ஆத்தா மாரி காப்பாற்றுவாள், நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்பதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, சந்திரவல்லி அம்மாளுக்கு நீ உன் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும், கடிதம் கிடைத்த அன்றே சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்லிவிட்டு எனக்கும் சொல்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு பாதி வரை படித்த
உன் அம்மா பாண்டீஸ்வரி