முப்பதடி தள்ளிப் போன சாலை

12-6-1978
போடிமெட்டு ரோட்டை அகலப்படுத்த அளக்கிறார்கள். பொதிமாடு போன தடம், பிறகு மாட்டுவண்டித் தடம், பிறகு எஸ்டேட் ஜீப்புகள் புழுதி கிளப்பிய ரோடு. இனி மாநில நெடுஞ்சாலையாம். பெயரை மாற்றினால் குழி தூர்ந்துவிடும் என்று நினைக்கிற ஜென்மங்கள்! போகட்டும். முளைக்குச்சியை என் கிணற்று மேட்டிலா அடிப்பார்கள்? பாறைக்கு வெடி வைத்து அறுபதடி வெட்டிய கிணறு. அது போனால் நாலு ஏக்கரும் பொட்டல்.

15-6-1978
பொறியாளரிடம் இதோடு மூன்று மனு. ஒன்றையும் படிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் புளியமரத்தடியில் ஒரு சூலத்தைக் கண்டதும் மட்டும் செருப்பைக் கழற்றினார். "அதத் தொட்றாதீங்கப்பா." படித்த மனிதர்!

16-6-1978
சர்வேக்காரர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து கிணற்றோரம் நட்டேன். மஞ்சள், குங்குமம், ஒரு முழம் சிவப்புத் துணி. என் கல்யாணத்தில்கூட சாமி கும்பிட மாட்டேன் என்று நின்றவன் நான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

19-6-1978
"எங்க குலசாமி சார், கருப்பன்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். பொறியாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாலை முப்பதடி வடக்கே தள்ளிப் போய்விட்டது. மடையர்கள்.

3-9-1978
வடக்கே ஒச்சம்மாளின் ஓட்டு வீடு. ஏலக்காய்த் தோட்டத்தில் களையெடுத்த கூலியில் கட்டியது. இன்று இடித்தார்கள். ஓடுகளை அவளே இறக்கி அடுக்கினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டாளா? இப்படிப்பட்டவர்கள் மேல்தான் ரோடு போகும். எனக்கென்ன.

20-1-1980
ஜீப்பு ஓட்டும் சுருளி என் கல்லுக்குத் தேங்காய் உடைக்கிறான்!
"இங்க கும்பிட்டுட்டு மெட்டு ஏறுனாத்தாண்ணே கை நடுங்காம இருக்கு."
பிரேக்கைப் பார்க்கத் துப்பில்லை, கருப்பன் பார்த்துக்கொள்வானாம்.

5-8-1981
இப்போது பஸ்சும் நிற்கிறது, ஏலக்காய் லோடும் நிற்கிறது. பொங்கல் வைக்க என் கிணற்றுத் தண்ணீர். கத்தரிச் செடியெல்லாம் மிதிபட்டுக் கிடக்கிறது. ஒரு வேலைக்கும் வணங்காத பிச்சைமணி பூசாரியாகிவிட்டான். என்னிடமே திருநீறு நீட்டுகிறான் அந்தப் பயல்!

17-4-1983
ஊர்க்கூட்டம். கிணறும் அதைச் சுற்றிய இடமும் கோயிலுக்கு வேண்டுமாம். பிச்சைமணி அன்று பொறியாளரிடம் நான் எழுதிக் கொடுத்ததன் நகலோடு வந்திருந்தான். "அண்ணே, இது ஒங்க கையெழுத்துத்தான?"
பொறுக்க முடியவில்லை. கத்திவிட்டேன் — ஓடைக்கல்லுடா அது! நான் நட்டதுடா! அம்புட்டும் பொய்யிடா!
ஒருத்தனும் நம்பவில்லை. சுருளி கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஒச்சம்மாள் மட்டும் எழுந்து கிட்டே வந்தாள்.
"அண்ணே, சாமிக்காகத்தான் வீடு போச்சுன்னு அஞ்சு வருசமா மனசத் தேத்திக்கிட்டுக் கெடக்கேன். பொய்யின்னா, என் வீட்ட எதுக்கு இடிச்சாய்ங்க?"
முதல்தடவையாக என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. "கோபத்துல உளறிட்டேன், கருப்பன் எங்க குலசாமிதான்" என்றேன். கிணற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

2-2-1985
போடியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்டார்.
"கருப்பன் கோயில், ஒண்ணு" என்றேன்.