மெட்டிகுலஸ் அண்ணன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை மறக்காமல் தேய்.

இங்கே உன் வீட்டுக்காரன் மானம் கப்பலேறிவிட்டது. பாப்பா பரீட்சைக்குப் படிக்கும் பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளைப் போனில் எனக்கும் சொல்லித் தருகிறாள் அல்லவா? அதில் 'மெட்டிகுலஸ்' என்று ஒன்று. சின்ன விஷயத்தையும் விடாமல் கவனமாகச் செய்கிறவன் என்று அர்த்தம். எங்கள் சலவைக்கூடத்தைப் பார்வையிட வந்த மேனேஜரிடம் அதை எடுத்துவிட்டேன். "ஐ ஆம் மெட்டிகுலஸ்" என்று நான் நெஞ்சை நிமிர்த்திய நேரம், என் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஹோட்டல் விரிப்பு புகைந்துகொண்டிருந்தது.

"மெட்டிகுலஸ் அண்ணே, தீயுது பாருங்க" என்றான் பக்கத்து மேஜைக்காரன். இப்போது அதுவே என் பெயர்.

வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, பயப்படாதே. மேனேஜரே சிரித்துவிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். "என் பொண்ணு" என்றேன். விரிப்பு கருகியும் நெஞ்சு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

சாயங்காலம் போனைச் சார்ஜில் போட்டு வை. நேற்று அவள், "எத்தனை தடவப்பா சொல்றது, மண்டையில ஏறவே மாட்டேங்குதே" என்று திட்டும்போதே கட்டாகிவிட்டது. வேலைக்கு மணி அடிக்கிறது, நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: அவளிடம் நான் சொல்லாததை நீயும் சொல்லிவிடாதே. எல்லா வார்த்தையும் முதல் தடவையே எனக்குப் புரிந்துவிடுகிறது. புரியவில்லை என்றால்தான் இன்னும் கொஞ்ச நேரம் பேசுவாள்.